பூர்வீக ஊரைத் தேடித் தரும் தொழில்: கப்பல் பட்டியல் முதல் சிபாரிசு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், மொரீஷியஸின் போர்ட் லூயி, ஃபிஜியின் சுவா என்று கடல் தாண்டிப் போன தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஐந்தாம், ஆறாம் தலைமுறை வளர்ந்து நிற்கிறது. பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனாலும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், "எங்கள் ஆள் முதலில் புறப்பட்ட ஊர் எது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தர தமிழ்நாட்டில் ஆள் வேண்டும். பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கவும், கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசவும் தெரிந்தவர் இதை ஒரு கௌரவமான தொழிலாகவே செய்யலாம்.

விளம்பரம் கொடுத்து வளர்க்கிற தொழில் இல்லை இது. தன் குடும்பத்தின் அந்தரங்கத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் "இவர் நம்பகமானவர்" என்று சொன்னால்தான் வாடிக்கையாளர் வருவார். கிராமத்திலும் அப்படித்தான். யார் சொல்லி வந்தீர்கள் என்பதைப் பொறுத்தே அங்கே கதவு திறக்கும். அதனால் தேடும் முறையையும் சிபாரிசு வளர்க்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. ஒரு வழித்தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

"உலகத் தமிழர் எல்லோருக்கும் வம்சாவளி தேடித் தருகிறோம்" என்று ஆரம்பித்தால் ஒன்றும் உருப்படியாக நடக்காது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆவணம் வேறு, காலம் வேறு, பெயர் எழுதிய விதமும் வேறு. ஒரே ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து அதில் ஆழமாகப் போங்கள். இங்கே நான் உதாரணமாக எடுப்பது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பழைய வட ஆற்காட்டுக்கும் இடையிலான தடம். ஆவணங்கள் நன்றாக இருப்பதாலும், கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பதாலும், புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல தடம்.

அடிப்படை வரலாறு இதுதான். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகவும், மற்றவர்கள் கல்கத்தா வழியாகவும் போனவர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலை. நடுவில் 1866இல் கப்பல்கள் நின்று, 1874இல் மறுபடி தொடங்கின. இதை மனப்பாடமாக வைத்திருங்கள். "தாத்தா 1870இல் கப்பலில் வந்தார்" என்று ஒரு குடும்பம் சொன்னால், அந்த ஆண்டு தவறு அல்லது அவர் வந்த வழி வேறு என்று உடனே புரிந்துவிடும்.

2. வாடிக்கையாளரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன், குடும்பத்தில் இருக்கிற மூத்தவரிடம் பேசியாக வேண்டும். வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் போதும். அவருடைய பேரப்பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் பேச்சு இன்னும் சுலபமாக நகரும். "உங்கள் பூர்வீகம் என்ன?" என்று நேராகக் கேட்டால் "இந்தியா, மெட்ராஸ்" என்றுதான் பதில் வரும். மெட்ராஸ் அவர்கள் கப்பல் ஏறிய இடம். அதுவே சொந்த ஊராக நினைவில் தங்கிவிட்டிருக்கும்.

அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள். வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல் போடுகிறீர்கள்? பொங்கல் எந்த நாளில், எப்படி வைப்பீர்கள்? தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார்? பாட்டி தெலுங்கு பேசினாரா, தமிழ் பேசினாரா? முதல் பிள்ளைக்கு யார் பெயரை வைப்பது வழக்கம்? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் இருந்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். அதை வைத்தே குடும்ப மரத்தின் ஒரு கிளையை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியும்.

அப்புறம் காகிதங்கள். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள், பழைய அடையாள அட்டை, கல்லறைக் கல்லின் படம், கோயில் நன்கொடை ரசீது, புகைப்படத்தின் பின்பக்கம் எழுதிய நாலு வரி, எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இவற்றில் நீங்கள் தேட வேண்டியது ஓர் எண். நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று கொடுக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளில்கூட அந்த எண் வரும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

3. கப்பல் பட்டியலைப் படிப்பது

நேட்டால் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இவற்றைக் கணினியில் ஏற்றும் பணியைச் செய்திருக்கிறது. ஒருவருடைய வரியில் பொதுவாக இவை இருக்கும்: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு அல்லது மச்சம். உறவினர் கூட வந்திருந்தால் சில வரிகளில் அந்தக் குறிப்பும் இருக்கும். கணினியில் தட்டச்சு செய்த பட்டியலில் ஒரு பெயரைக் கண்டால், முடிந்தவரை மூலப் பக்கத்தின் படத்தையும் வாங்கிப் பாருங்கள். தட்டச்சு செய்தவருக்கு நம் ஊர்ப் பெயர்கள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெயர்கள் எழுதப்பட்ட விதம்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒருவர் பெயரைச் சொல்ல, ஆங்கிலம் தெரிந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆனார், குப்புசாமி கூப்பூசாமி ஆனார். பிறகு அந்தப் பெயரே குடும்பப் பெயராகி நிலைத்துவிட்டது. தேடும்போது பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரக் காது அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்து, ஒரே பெயருக்கு எட்டுப் பத்து எழுத்துக்கூட்டல்களைப் பட்டியல் போட்டுத் தேடுங்கள்.

பட்டப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். கோவெந்தர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலி, படையாச்சி என்பது படையாட்சி. இவற்றைப் பார்த்ததும் சாதியை முடிவு செய்துவிடாதீர்கள். கப்பல் பட்டியலில் ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்த பலர், பின்னால் அங்கே போய்ப் பட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் வேண்டுமென்றே, சிலர் பதிவாளர் கேட்டதற்காக. வயதையும் உத்தேசமாகவே எழுதினார்கள். முப்பது என்று இருந்தால் இருபத்தாறு முதல் முப்பத்தைந்து வரை என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

4. பழைய ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் பொருத்துவது

பட்டியலில் "வட ஆற்காடு" என்று இருந்தால் வேலூருக்குப் பேருந்து ஏறிவிடாதீர்கள். 1911 வரை அந்த ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். அந்த ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது. மீதி வட ஆற்காடு 1989இல் வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே பட்டியலில் இருக்கும் ஒரு வட ஆற்காட்டுக் கிராமம் இன்று இரண்டு மாநிலங்களில், நான்கைந்து மாவட்டங்களில் எதிலும் இருக்கலாம். தென் ஆற்காடு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்றும், செங்கல்பட்டு ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர், இன்றைய செங்கல்பட்டு என்றும் பிரிந்து போயின. பழைய சேலத்துக்குள் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம்.

முதலில் தாலுகாவைப் பிடியுங்கள். வாலாஜா, குடியாத்தம், போளூர், ஆரணி மாதிரி தாலுகாப் பெயர்கள் ஓரளவு மாறாமல் இருக்கின்றன. பிறகு அந்தத் தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து, ஒலி நெருங்கி வரும் எல்லா ஊர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். புதூர், நல்லூர், மேட்டூர் மாதிரிப் பெயர்கள் ஒரே வட்டத்தில் மூன்று நான்கு இருக்கும். அப்படி வந்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள், எதையும் இப்போதே கழிக்காதீர்கள்.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பெரிய பொக்கிஷம். ஆனால் அங்கே கோப்புகள் துறைவாரியாக இருக்குமே தவிர ஆள்வாரியாக இருக்காது. "முனுசாமி, குடியாத்தம்" என்று போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பஞ்சம், குடியேற்றம், வருவாய் பற்றிய கோப்புகளைப் படித்தால் அந்தத் தாலுகாவிலிருந்து ஏன் அத்தனை பேர் புறப்பட்டார்கள் என்பது விளங்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் பற்றி அறிக்கையில் ஒரு பக்கம் எழுதினால், அதைப் படிக்கிற கொள்ளுப்பேத்திக்குத் தன் பாட்டனார் கப்பல் ஏறிய காரணம் புரியும். என் கருத்தில் அறிக்கையின் மிக மதிப்பான பக்கம் அதுதான்.

5. ஊருக்குள் போவது

இங்கேதான் சிபாரிசின் அருமை முதலில் தெரியும். ஒரு கிராமத்தில் நேராகப் போய் இறங்கி, "நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்கா போன குடும்பம் எது?" என்று கேட்டால் எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்துக்குக் காரணம் நிலம். வெளிநாட்டிலிருந்து பங்காளி ஒருவர் முளைத்து வந்தால் சொத்தில் பங்கு கேட்பாரோ என்ற பயம் நியாயமானதுதான். ஆகவே போவதற்கு முன்பே, அந்த ஊரோடு தொடர்புள்ள ஒருவரைப் பிடியுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் பூசாரி, ஊராட்சித் தலைவர், பக்கத்து டவுனில் கடை வைத்திருப்பவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர் முன்கூட்டிப் போன் செய்து சொல்லிவிட்டால் காரியம் சுலபம். போன பிறகு உங்கள் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "நிலம், வீடு சம்பந்தமாக வரவில்லை ஐயா. சாமி கும்பிட்டுப் போக ஊர் எது என்று தேடுகிறார்கள்." வாடிக்கையாளரிடமும் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது நல்லது, ஆனால் அவரிடம் பழைய நினைவுகளை எதிர்பார்க்காதீர்கள். ஊர்க் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம், ஊர்த் தலைவரான மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. இன்றைய அலுவலர் மாற்றலில் வந்தவர். பழைய கர்ணம் குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவருக்கு எந்தத் தெரு எப்போது உருவானது, எந்தக் குடும்பம் எங்கே போனது என்பது தெரிந்திருக்கலாம்.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, வில்லங்கச் சான்று, பழைய பத்திரங்கள் இவற்றையெல்லாம் பலர் முதலில் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் இவை இரண்டாம் இடத்தில்தான் வரும். கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள், அல்லது அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். அவர்கள் பெயரில் பத்திரம் இருக்காது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பி வழியினர் பின்னாளில் நிலம் வாங்கியிருந்தால் மட்டும், "இன்னார் மகன் இன்னார்" என்று எழுதும் பத்திர வழக்கம் கைகொடுக்கும். அந்த ஒரு வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும்.

குலதெய்வம் அதைவிட வலுவான தடயம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரே இடத்தில் கூடுகிறார்கள். கோயில் வரிப் பட்டியலில் தலைக்கட்டுகளின் பெயர்கள் இருக்கும். டர்பன் வீட்டில் பச்சையம்மனுக்குப் படையல் போடுகிறார்கள், பட்டியலில் கண்ட ஊரிலும் பச்சையம்மன் கோயில் இருக்கிறது என்றால் அது ஒரு நல்ல அடையாளம். ஆனால் பச்சையம்மன் கோயில் வட மாவட்டங்களில் நிறைய உண்டு. அடையாளத்தைச் சான்றாக நினைத்துவிடக் கூடாது.

சாதி பற்றி ஒரு சொல். பட்டியலில் இருப்பதை நீங்கள் மறைக்கவும் வேண்டாம், ஊரில் உரக்கச் சொல்லவும் வேண்டாம். வாடிக்கையாளருக்கு மட்டும், அவர் கேட்டால், மூலப் பக்கத்தில் எழுதியிருக்கிறபடி சொல்லுங்கள். ஊரிலோ "எந்தத் தெருவில் விசாரிக்கலாம்?" என்று கேட்டாலே போதும்.

6. எவ்வளவு உறுதி என்று எழுதுவது

பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் பொருந்தினால் போதுமா? முனுசாமி மகன் சின்னசாமி என்பவர் அந்தக் காலத்தில் ஒரே ஊரில் நான்கு பேர் இருந்திருப்பார்கள். மூன்றும் பொருந்தி, கூடவே ஆவணத்துக்கு வெளியே ஓர் ஆதாரமும் வேண்டும். "எங்கள் பெரிய தாத்தா ஒருத்தர் கடல் கடந்து போனார், திரும்பவே இல்லை" என்று ஊரில் ஒரு குடும்பம் தானாகச் சொல்வது அப்படி ஓர் ஆதாரம். நீங்கள் பெயரை எடுத்துக் கொடுத்து, அவர்கள் "ஆமாம் ஆமாம்" என்று சொன்னால் அது கணக்கில் வராது. கிராமத்து விருந்தோம்பலில் "இல்லை" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால் பெயரை நீங்கள் சொல்லாமல் காத்திருங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் "உறுதி", "பெரும்பாலும்", "இருக்கலாம்" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேருங்கள். மரபணுச் சோதனை முடிவோடு வருபவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவு போலக் காட்டும். அதை மட்டும் நம்பி ஊரை முடிவு செய்யாதீர்கள்.

7. கட்டணம்

கண்டுபிடித்தால்தான் பணம் என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொய்யான உறவினரை உண்டாக்கும் ஏற்பாடு. நேரத்துக்கும் பயணத்துக்கும் கட்டணம் வாங்குங்கள், மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதலில் காகிதத் தேடல்: அதில் காலனி எண்ணும் ஊரும் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, பார்த்தவை, பார்க்காதவை இரண்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கள விசாரணை. மூன்றாவது, குடும்பம் நேரில் வர விரும்பினால் அந்தப் பயணத்துக்கு வழிகாட்டுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் பாதி, முடிந்ததும் மீதி. தென்னாப்பிரிக்காவில் மூலப் பக்கத்தைப் போய்ப் பார்க்க அங்கேயே ஓர் ஆய்வாளர் தேவைப்பட்டால், அவருக்கான கூலியைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

8. சிபாரிசு எப்படி வளர்கிறது

இந்தத் தொழிலுக்கு ஒரு தனி வசதி உண்டு. கப்பல் ஏறிய ஒருவருக்கு ஆறு பிள்ளைகள் என்றால் அவர் வழியில் இன்று நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். நீங்கள் எழுதிய ஓர் அறிக்கை அத்தனை பேருக்கும் சொந்தக் கதை. அதை அவர்கள் கேட்காமலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அதிலிருந்துதான் அடுத்த வேலை வரும்.

கேட்கும் நேரம் முக்கியம். பணம் வாங்கும் அன்று கேட்காதீர்கள். அறிக்கை போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, "பெரியம்மா படித்தார்களா, என்ன சொன்னார்கள்?" என்று விசாரியுங்கள். அந்தப் பேச்சில் குறிப்பாகக் கேளுங்கள். "யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்றால் யார் முகமும் அவர்கள் நினைவுக்கு வராது. "உங்கள் தாத்தா வேலை பார்த்த அதே தோட்டத்தில் இருந்த வேறு குடும்பங்களோடு தொடர்பு இருக்கிறதா? பாட்டி வழியை யாராவது தேடுகிறார்களா?" என்று கேட்டால் உடனே இரண்டு பெயர் வரும். பாட்டி வழி என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லோரும் தகப்பன் வழியைத்தான் தேடுகிறார்கள். கப்பலில் தனியாக, தனி எண்ணோடு வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடுவதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தால், அந்தப் பெயரே உங்களை வளர்க்கும்.

அனுப்ப ஒரு மாதிரி வேண்டும். ஒரு குடும்பத்தின் அனுமதியோடு, உயிரோடு இருப்பவர் யாருடைய பெயரும் இல்லாமல், இரண்டு பக்க மாதிரி அறிக்கை ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிபாரிசு செய்பவர் உங்களைப் பற்றி நீளமாக விளக்க வேண்டியதில்லை, அதை அனுப்பினால் போதும்.

பக்கத்துத் தொழில்காரர்கள் இரண்டாவது ஊற்று. கோயில் சுற்றுலா நடத்துபவர்கள், பழைய புகைப்படங்களைச் சரிசெய்பவர்கள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பம் பார்க்கும் வழக்கறிஞர்கள். பொதுவாக அந்த அட்டைக்குக் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரைதான் தகுதி. மொரீஷியஸ் நாட்டு இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை அதை நீட்டிப்பதாக 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. அதற்கு வம்சாவளி ஆதாரம் தேவைப்படுகிறவர்கள் அந்த வழக்கறிஞர்களிடம்தான் முதலில் போவார்கள். இவர்களோடு கமிஷன் பேசுவதைவிட, அவர்களுடைய வேலை உங்களிடம் வரும்போது நீங்களும் அனுப்பி வைப்பது நல்லது. கமிஷன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லிவிடுங்கள். ஊரில் உதவிய பூசாரிக்கும் ஆசிரியருக்கும் காசு நீட்டாதீர்கள். காசு கொடுத்தால் அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். கோயில் திருப்பணிக்கு ரசீதோடு நன்கொடை கொடுங்கள், குடும்பம் வரும்போது அவர்களை நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் யாரை அனுப்பினார், எந்தத் தேதியில், என்ன ஆயிற்று. அனுப்பியவருக்கு அந்த வாரத்துக்குள், "நீங்கள் சொன்னவர் பேசினார், நன்றி" என்று ஒரு வரி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வாடிக்கையாளரின் சித்தப்பா மகனாகவே இருந்தாலும், என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. பட்டியலில் இரண்டு மனைவி இருக்கலாம், ஊரில் விட்டுவந்த குழந்தை இருக்கலாம். அதை யாருக்குச் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை பணம் கொடுத்தவருக்கு மட்டும்தான்.

சிலரைத் திருப்பி அனுப்புவதும் இதில் சேரும். சொத்து வழக்குக்கு ஆதாரம் வேண்டும் என்று வருபவரையும், சாதியை நிரூபிக்க வருபவரையும் ஏற்காதீர்கள். ஒரு வழக்கில் உங்கள் பெயர் அடிபட்டால் அந்த வட்டாரத்தில் எந்தத் திண்ணையிலும் பிறகு உங்களுக்கு இடம் கிடைக்காது.

9. அடுத்த தடங்கள்

நேட்டால் தடம் கைவந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். மொரீஷியஸில் ஒப்பந்தக் குடியேற்றம் 1834இல் தொடங்கியது. மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமே உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல்தான் கப்பல்கள் போயின. ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு உண்டு என்பதால் ஊர் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிய வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பிரான்சின் கடல்கடந்த நாடுகள் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன.

மலேசியாவும் இலங்கை மலையகமும் வேறு விதம். தோட்டத்துக்கு ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் கங்காணி மூலம் கூட்டம் கூட்டமாகப் போனவர்களுக்கு நேட்டால் மாதிரி ஆள்வாரிக் கப்பல் பட்டியலை எதிர்பார்க்க முடியாது. அங்கே கங்காணியின் ஊரைக் கண்டுபிடித்தால் அவர் கூட்டிப்போனவர்களின் ஊரும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்களிடம் அப்போது கொடுத்த குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கும். முதலில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டு நகரத்தார் குடும்பமாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். அவர்கள் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களில் குடும்பம் எதைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு, கோயிலில் உள்ள புள்ளிக் கணக்கையும் (கல்யாணமான குடும்பங்களின் பதிவு) வீட்டில் பத்திரமாக இருக்கும் இசைகுடிமானத்தையும் (கல்யாண ஒப்பந்தம்) பார்த்தாலே பல தலைமுறை வந்துவிடும்.